வயிற்றுப் பெருந்தமனி வெடிப்பு: தவறவிடாமல் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வயிற்றுப் பெருந்தமனியில் உள்ள வீக்கம் வெடித்து மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதலில் வேறொரு நோயின் பெயர்தான் எழுதப்படுகிறது. சிறுநீரகக் கல், மாரடைப்பு, குடல் அழற்சி, முதுகுப் பிடிப்பு என்று ஏதாவது ஒன்று. இவையெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவில் தினமும் பார்க்கிற நோய்கள். வெடித்த பெருந்தமனி எப்போதாவதுதான் வரும். அதனால் மனம் பழகிய பக்கமே சாய்கிறது. சிறுநீரகக் கல்லைக் குடல் கோளாறு என்று எண்ணிவிட்டால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். பெருந்தமனியைச் சிறுநீரகக் கல் என்று எண்ணிவிட்டால் மறுநாள் என்பது பெரும்பாலும் இருக்காது. வீட்டிலும் வழியிலும் இறந்துபோகிறவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெடிப்பு நேர்ந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பிழைப்பதில்லை.

நோயாளியை முதல் ஆளாகப் பார்க்கிற இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களும் படிக்கலாம். கடைசிப் பகுதி அவர்களுக்காகவே. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய் கைதவறிப் போவதற்குப் பெரிய காரணம், பாடப்புத்தகத்தில் படித்த அறிகுறிகள் முழுதாகச் சேரட்டும் என்று காத்திருப்பதுதான். அவை சேர்ந்து நிற்கும்போது நோயாளியைக் காப்பாற்றும் நேரம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

படிகளுக்குப் போகுமுன் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பெருந்தமனி முதுகெலும்புக்கு முன்னால், சற்றே இடப்பக்கமாக இறங்கி, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் குறுக்களவு சாதாரணமாகச் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.யை எட்டினால் வீக்கம், அதாவது அனியூரிசம் என்கிறோம். பெரும்பாலானவை சிறுநீரகத் தமனிகள் கிளம்பும் இடத்துக்குக் கீழே உருவாகின்றன. ஆண்டுக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். 5.5 செ.மீ.யைத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து வேகமாக ஏறுகிறது. 8 செ.மீ.க்கு மேல் போனால் ஓர் ஆண்டுக்குள் வெடிக்கும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை என்று மதிப்பிடப்படுகிறது.

வெடிப்பு இரண்டு விதம். முன்சுவர் கிழிந்தால் ரத்தம் தடையில்லாமல் வயிற்றறைக்குள் பாயும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இவர்கள் மருத்துவமனையை அடைவது அரிது. பின்சுவர், பெரும்பாலும் இடப் பின்பக்கம், கிழிந்தால் ரத்தம் வயிற்றுச் சவ்வுக்குப் பின்னால் உள்ள இறுக்கமான இடத்தில் சேர்கிறது. சுற்றியுள்ள திசு அதை அழுத்துகிறது, பி.பி. இறங்குகிறது, ரத்தம் உறைகிறது, கிழிசல் தற்காலிகமாக அடைபடுகிறது. அந்த அடைப்பு சில மணி நேரம் தாங்கலாம். சிலருக்கு நாட்கணக்கிலும் தாங்கும். நம்மிடம் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

கண்டறிவதில் உள்ள சிரமம் எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது. ரத்தம் சவ்வுக்குப் பின்னால் இருப்பதால் தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கும். அதே இடத்தில்தான் சிறுநீர்க்குழாயும், காலுக்குப் போகும் நரம்புகளும், முதுகுத் தசைகளும் இருக்கின்றன. அதனால் வலி அவற்றின் வலி போலத் தோன்றும். கசிவு நின்றிருப்பதால் பி.பி. மீண்டு வந்திருக்கும். நோயாளி ‘நன்றாக’த் தெரிகிற அந்த நேரம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே அவகாசம்.

படி 1: யாரைப் பார்த்ததும் இது நினைவுக்கு வர வேண்டும்

அறுபது வயதைக் கடந்த ஒருவர் புதிதாக வந்த வயிற்று வலி, முதுகு வலி, விலாப்புற வலி, காரணம் தெரியாத மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுடன் வந்தால், வேறு எந்த நோயின் பெயரையும் எழுதுமுன் ‘பெருந்தமனியாக இருக்குமோ?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலி மட்டும் இருந்தாலும் சரி, மயக்கம் மட்டும் இருந்தாலும் சரி.

புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் முதன்மையானது. பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டவருக்கும் ஆபத்து மீதமிருக்கும், ஆகவே ‘புகைப்பீர்களா?’ என்று கேட்பதோடு நிற்காமல் ‘எப்போதாவது புகைத்ததுண்டா?’ என்றும் கேளுங்கள். உயர் ரத்த அழுத்தம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இதே வீக்கம், முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனியில் வீக்கம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவையும் சந்தேகத்தைக் கூட்ட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த வீக்கம் ஆண்களுக்கே பல மடங்கு அதிகம் வருகிறது. ஆனால் பெண்களுக்கு வந்தால் ஆண்களைவிடச் சிறிய அளவிலேயே வெடிக்கிறது. ‘ஆண்களின் நோய்’ என்ற எண்ணம் மனத்தில் பதிந்திருப்பதால் எழுபது வயதுப் பெண்ணின் வயிற்று வலியில் இது யாருக்கும் தோன்றுவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் சற்றுக் குறைவாகவே வருகிறது என்பது உண்மை. ஆனால் எதிரே படுத்திருக்கும் நோயாளிக்கு இது இல்லை என்று சொல்ல அந்தத் தகவல் உதவாது.

‘உங்களுக்குப் பெருந்தமனி வீக்கம் இருக்கிறதா?’ என்று கேட்டு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதில் நிம்மதி கொள்ள வேண்டாம். வெடிக்கும் நாள் வரை தமக்கு அது இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம்.

படி 2: வலியின் கதையைக் கேளுங்கள்

எப்போது தொடங்கியது என்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். ‘காலையிலிருந்து’ என்ற பதில் போதாது. அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், திடீரென வந்ததா, மெல்ல மெல்ல ஏறியதா என்பது தெரிந்துவிடும். திடீரெனத் தொடங்கி, முதுகுக்கோ விலாவுக்கோ கவட்டுக்கோ பரவும் வலி நம் கவனத்தைக் கூர்மையாக்க வேண்டும்.

அடுத்தது மயக்கம். இதை நோயாளி தானாகச் சொல்லமாட்டார். வலிதான் பெரிதாகத் தெரியும். நடுவில் கொஞ்ச நேரம் தலை சுற்றியது அவருக்குச் சொல்லத்தக்க விஷயமாகவே படாது. ‘வலி வந்த நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்ததா? உடம்பெல்லாம் வேர்த்ததா? எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களா?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட வந்தவரிடமும் கேளுங்கள். ‘ஆமாம் டாக்டர், அப்பா முகம் வெளுத்துப்போய் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை’ என்று மகள் சொல்லும் ஒரு வரி நோயின் போக்கையே காட்டிவிடும். கிழிசல் ஏற்பட்ட கணத்தில் பி.பி. இறங்கி, பிறகு அடைப்பு ஏற்பட்டு மீண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது.

வலி ஊசிக்குப் பிறகு வலி குறைந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிழிந்த பெருந்தமனியின் வலியும் மருந்துக்குக் குறையும்.

படி 3: அணிந்து வரும் வேடங்களை அறிந்துகொள்ளுங்கள்

வயிறு அல்லது முதுகு வலி, குறைந்த பி.பி., வயிற்றில் துடிக்கும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால் வெடிப்பு என்று படித்திருக்கிறோம். மூன்றும் ஒருசேர இருப்பது பாதிக்கும் குறைவான நோயாளிகளிடம்தான். மற்றவர்கள் வேறு நோயின் வேடத்தில் வருகிறார்கள்.

மிக அதிகம் ஏமாற்றுவது சிறுநீரகக் கல் வேடம். இடப்பக்க விலாவில் தொடங்கிக் கவட்டுக்கு, சிலருக்கு விதைப்பை வரை, இறங்கும் வலி. ரத்தக்கட்டு சிறுநீர்க்குழாயை உறுத்துவதால் சிறுநீரிலும் ரத்த அணுக்கள் தெரியலாம். வீக்கம் சிறுநீர்க்குழாயை அழுத்தினால் சிறுநீரகம் லேசாக வீங்கியிருப்பதாக ஸ்கேனும் சொல்லும். எல்லாமே ‘கல்’ என்று காட்டும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அதனால் இங்கே உள்ளுணர்வை நம்பாமல் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: அறுபதுக்கு மேல் முதன்முறையாகக் கல் வலி வந்திருக்கிறது என்றால், பெருந்தமனியைப் பார்க்காமல் அந்தப் பெயரை எழுதக் கூடாது. ஏற்கெனவே கல் வந்தவராக இருந்தாலும் ‘இந்த வலி அந்த வலி போலவே இருக்கிறதா?’ என்று கேளுங்கள். சிறுநீரகத்தைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் ப்ரோபை (உடலின் மேல் வைக்கும் கருவிமுனை) வைத்த கையோடு அதை வயிற்றின் நடுக்கோட்டுக்கு நகர்த்தினால் போதும். ஒரு நிமிட வேலை.

மாரடைப்பு வேடம் இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அதற்கான சிகிச்சையே உயிரைப் பறிக்கும். ரத்தம் இழந்து பி.பி. இறங்கும்போது இதயத் தசைக்கும் ரத்தம் போதாமல் போகிறது. ஈ.சி.ஜி.யில் மாற்றம் வரும், இதயத் தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதமும் ஏறும். இவை இரண்டும் உண்மையான மாற்றங்களே. ஆனால் நோயின் வேர் அங்கே இல்லை. இந்த நிலையில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரினோ, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தோ கொடுத்தால், கிழிசலை அடைத்திருக்கும் உறைவைக் கலைத்துவிடுவோம். நெஞ்சு வலி இல்லாமல் வயிற்றிலோ முதுகிலோ வலி, கூடவே குறைந்த பி.பி. என்றால், ஹெப்பரினுக்கு முன் பெருந்தமனியைப் பாருங்கள்.

இடப்பக்க அடிவயிற்று வலியும் சற்று உயர்ந்த வெள்ளணுக்களும் பெருங்குடல் அழற்சியை நினைக்க வைக்கும். உடல் நெருக்கடியில் இருக்கும்போது வெள்ளணுக்கள் தாமாகவே ஏறும். பின்னால் சேரும் ரத்தம் குடலை உறுத்துவதால் மலம் கழிக்க வேண்டும் போன்ற உணர்வும் வரலாம். அதை வயிற்றுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

முதுகு வலி வேடத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சட்டென வரும் கடும் வலி. மற்றொன்று, கசிந்த ரத்தம் அடைபட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தொடரும் மந்தமான வலி. இரண்டாவதில் சிலருக்கு முதுகெலும்பே அரிக்கப்பட்டிருக்கும். தொடையின் முன்பக்கம் மரத்துப்போவதும், முழங்கால் பலமிழப்பதும் இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) விலகலாகத் தோன்றும். தொடை நரம்பை ரத்தக்கட்டு அழுத்துவதாலும் அதே வரும்.

பித்தப்பை வேடத்துக்கு உலகப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு 1948-இல் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்து, பெருந்தமனி வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். சுற்றியுள்ள திசு தடித்து அதை இறுக்கிப் பிடிக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. பழுதான பகுதியை வெட்டியெடுத்து மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவையைப் பாரிஸில் சார்லஸ் டூபோ 1951-இல்தான் செய்தார். ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரல் 18-ஆம் நாள் பிரின்ஸ்டனில் வீக்கம் வெடித்து இறந்தார். மறு அறுவையை அவரே மறுத்துவிட்டார். அவருடைய வலி பித்தப்பை அழற்சியைப் போல இருந்ததால், வெடிப்பு அந்த வேடத்தில் வருவதை ‘ஐன்ஸ்டீன் அடையாளம்’ என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. வீக்கம் இருப்பது முன்பே தெரிந்த ஒருவருக்கே வலி இப்படித் திசைமாறித் தோன்றியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அரிதான மூன்று. முன்பு பெருந்தமனி அறுவை செய்தவர் ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ என்று வந்தால், செயற்கைக் குழாய்க்கும் முன்சிறுகுடலுக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். முதலில் கொஞ்சமாக வந்து நிற்கும் ரத்தம், பின்னால் வரப்போகும் பெரும் போக்கின் முன்னறிவிப்பு. பெருந்தமனி அருகிலுள்ள பெருஞ்சிரைக்குள் கிழிந்தால், திடீர் இதயச் செயலிழப்பும் கால் வீக்கமும் வயிற்றில் இடைவிடாத இரைச்சலும் கேட்கும். விலாவிலோ விதைப்பையிலோ அடிபடாமல் தோன்றும் நீலநிறக் கன்றல் மூன்றாவது. அது வெளித் தெரியச் சில மணி நேரமாவது ஆகியிருக்கும்.

படி 4: எண்களை அவசரப்பட்டு நம்பாதீர்கள்

பி.பி. 110 என்று திரையில் பார்த்ததும் மனம் அமைதியாகிறது. அவருடைய வழக்கமான பி.பி. 160 என்றால் இந்த 110 ஒரு வீழ்ச்சி. பழைய மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் மருந்து இருந்தால் எவ்வளவு ரத்தம் போனாலும் நாடி ஏறாமலே இருக்கலாம். ‘நாடி 76, ஆகவே ரத்தப்போக்கு இல்லை’ என்ற வாதம் அங்கே நிற்காது.

ஹீமோகுளோபினும் அப்படியே. ரத்தம் அணுக்களும் நீருமாகச் சேர்ந்தே வெளியேறுவதால் மீதமுள்ள ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறுவதில்லை. உடலின் நீர் உள்ளே இறங்கிய பிறகோ நாம் குளுக்கோஸும் சலைனும் ஏற்றிய பிறகோதான் எண் இறங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் 13 என்று வந்தால் அதில் ஆறுதல் இல்லை. திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் உயர்ந்திருந்தால் அது பயனுள்ள எச்சரிக்கை. உயராமல் இருந்தால் அது எதையும் மறுக்கவில்லை.

படி 5: கையால் தொட்டுப் பாருங்கள், அதன் எல்லையையும் அறியுங்கள்

நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, தொப்புளுக்குச் சற்று மேலே இரு கைகளின் விரல்களையும் நடுக்கோட்டின் இருபுறமும் ஆழ வையுங்கள். ஒல்லியானவருக்கு இயல்பான துடிப்பே தெரியும். தேட வேண்டியது அகலம். ஒவ்வொரு துடிப்புக்கும் இரு கை விரல்களும் பக்கவாட்டில் விலக்கப்பட்டால் அது வீக்கம். தொட்டுப் பார்ப்பதாலேயே வெடித்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மென்மையாகச் செய்யும் பரிசோதனையால் அப்படி நேர்ந்ததற்குச் சான்று இல்லை.

கட்டி கையில் பட்டால் அது பெரிய செய்தி. படாவிட்டால் அது செய்தியே இல்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 3 முதல் 3.9 செ.மீ. வரையான வீக்கங்களில் 29 சதவீதமும், 4 முதல் 4.9 வரையானவற்றில் 50 சதவீதமும், 5 செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் 76 சதவீதமுமே கைக்குத் தட்டுப்பட்டன. அதுவும் வெடிக்காத வீக்கத்தைத் தேடி நிதானமாகச் செய்த பரிசோதனை. பருத்த வயிறு, வலியில் இறுகிய தசை, இறங்கிய பி.பி. மூன்றும் சேரும் நம் நோயாளியிடம் இன்னும் குறையும். கால் நாடிகளும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அவை இருப்பதால் பெருந்தமனி நலம் என்று சொல்ல முடியாது.

படி 6: அல்ட்ராசவுண்டைப் படுக்கைக்குக் கொண்டு வாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட், வீக்கம் இருக்கிறதா இல்லையா என்பதை 95 சதவீதத்துக்கும் மேலான துல்லியத்தோடு சொல்லிவிடும். பயிற்சி பெற்ற அவசர சிகிச்சை மருத்துவரே செய்யலாம். நோயாளியை வேறு அறைக்கு நகர்த்த வேண்டியதில்லை.

வளைந்த முகப்புள்ள வயிற்று ப்ரோபை எடுத்து, மார்பெலும்பின் கீழ்முனைக்கு அடியில் குறுக்காக வையுங்கள். முதலில் முதுகெலும்பைத் தேடுங்கள்: வெளுத்த வளைவும் அதன் பின்னே கறுத்த நிழலும். அதற்கு நேர் முன்னால் இரண்டு வட்டங்கள் தெரியும். நோயாளியின் இடப்பக்கத்தில் இருப்பது பெருந்தமனி, வலப்பக்கத்தில் இருப்பது பெருஞ்சிரை. சிரை மெல்லிய சுவருடையது, லேசாக அழுத்தினால் அமுங்கும், மூச்சோடு மாறும். தமனியின் சுவர் தடித்தது, அமுங்காது. துடிப்பதை மட்டும் வைத்துத் தமனி என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்துத் துடிப்பு சிரையிலும் தெரியும்.

பிறகு ப்ரோபை எடுக்காமல், தொப்புள் வரை, பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடம் வரை, மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். மேல்பகுதியை மட்டும் பார்த்து ‘இயல்பு’ என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. வீக்கம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது.

அளக்கும்போது வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை, முன்பின்னாக அளந்துகொள்ளுங்கள். வீக்கத்தின் உள்ளே பழைய ரத்த உறைவு படலமாகப் படிந்திருக்கும். உப்புப் படிந்த தண்ணீர்க் குழாயின் உள்துளையை மட்டும் பார்த்துக் குழாயே சிறியது என்று நினைப்பதைப் போல, ரத்தம் ஓடும் கறுத்த நடுப்பகுதியை மட்டும் அளந்து 2.2 செ.மீ. என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. உண்மை அளவு 6 ஆக இருக்கும். ப்ரோப் சாய்ந்திருந்தால் வட்டம் நீள்வட்டமாகி அளவு கூடிக் காட்டும். குடல் காற்று மறைத்தால் மெதுவாக, விடாமல் அழுத்திக் காற்றை விலக்குங்கள். இடப்பக்க விலாவிலிருந்து பாருங்கள்.

இப்போது விளைவைப் படிப்பது. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். அல்ட்ராசவுண்ட் வீக்கத்தைக் காட்டும். வெடிப்பைப் பெரும்பாலும் காட்டாது. சவ்வுக்குப் பின்னால் சேர்ந்த ரத்தம் அதில் சரியாகத் தெரிவதில்லை. ‘வீக்கம் இருக்கிறது, ஆனால் வயிற்றில் ரத்தம் இல்லை, ஆகவே வெடிக்கவில்லை’ என்ற வாக்கியத்தை எழுதவே கூடாது. புதிய வலியோடு வந்தவருக்கு 3 செ.மீ.க்கு மேற்பட்ட வீக்கம் தெரிந்தால், மறுக்கப்படும் வரை அது வெடிப்புதான். முழு நீளமும் தெளிவாகத் தெரிந்து, எங்கும் 3 செ.மீ.க்குக் குறைவு என்றால் நிம்மதியாக வேறு காரணம் தேடலாம். பாதி தெரிந்தது, மீதி தெரியவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே பொருள், சி.டி.க்குப் போங்கள்.

படி 7: தொலைபேசியை எடுங்கள், சி.டி.யும் அதே நேரத்தில்

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவானது: அல்ட்ராசவுண்டில் வீக்கம் தெரிந்தாலும், அல்ட்ராசவுண்ட் உடனே கிடைக்காமலோ தெளிவில்லாமலோ இருந்து சந்தேகம் நீடித்தாலும், உடனே ரத்தநாள அறுவைக் குழுவிடம் பேச வேண்டும். வேறு மருத்துவமனைக்கு அனுப்ப முடிவானால், முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் வண்டி கிளம்ப வேண்டும். சி.டி. அறிக்கை கையில் வந்த பிறகுதான் பேசுவேன் என்று காத்திருப்பது வீண் தாமதம்.

சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் வெடிப்பை உறுதிசெய்யும் பரிசோதனை. பெருந்தமனியைச் சுற்றி ரத்தக்கட்டு, வெளியே கசியும் சாயம், சுவரிலுள்ள சுண்ணாம்புக் கோட்டில் முறிவு ஆகியவை வெளிப்படையானவை. நுட்பமான இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்: உறைவுக்குள்ளே பிறை போல வெளுத்துத் தெரியும் பகுதி, ரத்தம் சுவருக்குள் புகுந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறது, பெருந்தமனியின் பின்சுவர் முதுகெலும்பின் மேல் துணி போலப் படிந்து கிடந்தால், அங்கே சுவர் வலுவிழந்துவிட்டது என்று பொருள். கல் இருக்கிறதா என்று சாயமில்லாமல் எடுத்த சி.டி.யிலும் வீக்கமும் ரத்தக்கட்டும் தெரியும். கேட்டது கல்லைப் பற்றி என்றாலும் பெருந்தமனியை நீங்களே ஒரு முறை பாருங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் முடிவுக்காக இந்த சி.டி.யை நிறுத்தி வைக்க வேண்டாம்.

பி.பி. குறைந்திருப்பவரை சி.டி.க்கு அனுப்பலாமா என்ற கேள்வி வரும். நினைவோடு, பேசிக்கொண்டிருப்பவர் என்றால் பெரும்பாலும் சி.டி.க்கு நேரம் இருக்கிறது. காலின் தமனி வழியாக ஸ்டென்ட் (தமனியின் உள்ளே வைக்கும் செயற்கைக் குழாய்) பொருத்தும் முறை சாத்தியமா என்பதையும் அதுதான் சொல்லும். நினைவு தப்பிச் சரிந்துகொண்டிருப்பவரை நேரே அறுவை அரங்குக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த முடிவு அறுவைக் குழுவுடையது. அவர்களை முன்பே அழைத்திருந்தால்தான் அவர்களால் அதை எடுக்க முடியும்.

படி 8: காத்திருக்கும் நிமிடங்களில்

பெரிய ஊசிகளை இரு கைகளிலும் போடுங்கள், ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள், வலியைக் குறையுங்கள், உடல் குளிராமல் போர்த்துங்கள். சலைனை வேகமாக ஏற்றி பி.பி.யை 120-க்குக் கொண்டுவர முயலாதீர்கள். ஏறும் அழுத்தம் அடைப்பைப் பிய்த்தெறியும், நீர்த்த ரத்தம் உறையாது. நோயாளி நினைவோடு பேசுகிறார் என்றால், மேல் அளவு 70 முதல் 90 வரை இருந்தாலே போதும் என்பது இன்றைய நடைமுறை. கொடுக்க வேண்டியிருந்தால் ரத்தமாகக் கொடுங்கள். பயிற்சி நாட்களில் குறைந்த பி.பி.யைக் கண்டதும் ஏற்று என்று பழகிய கைக்கு இது கடினம் என்பது தெரியும்.

வயிற்றைத் திறக்கும் அறுவையா, ஸ்டென்ட்டா என்ற விவாதத்தில் நீளமாகப் போகவில்லை. பிரிட்டனில் நடந்த இம்ப்ரூவ் ஆய்வின் 2014 முடிவுகளில், முதல் 30 நாள் இறப்பு ஸ்டென்ட் முறையில் 35, திறந்த அறுவையில் 37 சதவீதம் என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சிகிச்சை கிடைத்தால் மூவரில் இருவர் அந்த முதல் மாதத்தைத் தாண்டுகிறார்கள். பெயர் சரியாக எழுதப்படாதவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். மிகவும் நலிந்தவர்களுக்கு அறுவை வேண்டாம் என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பதும் உண்டு. அதற்கும் நோய் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 9: வீட்டுக்கு அனுப்பும் முன்

அறுபதைக் கடந்தவரைக் கல், வாயு, தசைப் பிடிப்பு, சாதாரண மயக்கம் என்ற பெயரில் அனுப்புகிறீர்கள் என்றால், குறிப்பேட்டில் ‘பெருந்தமனி பார்க்கப்பட்டது, அதிகபட்ச அளவு இவ்வளவு’ என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அடுத்த டூட்டிக்கு வருபவரிடம் ஒப்படைக்கும்போதும் ‘கல் கேஸ்’ என்று சொல்லாமல், ‘விலா வலி, பெருந்தமனி இன்னும் பார்க்கவில்லை’ என்று சொல்லுங்கள். ஒருவர் வாயால் சூட்டிய பெயர் அடுத்தவரின் சிந்தனையை மூடிவிடுகிறது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ‘அது சரிசெய்தாகிவிட்டது’ என்று விடவும் வேண்டாம். ஸ்டென்ட்டைச் சுற்றிக் கசிவு ஏற்பட்டு ஆண்டுகள் கழித்தும் வெடிப்பது உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வயதானவர் திடீர் வயிற்று வலியோ முதுகு வலியோ வந்து மயங்கினால், எழுந்து தெளிவாகப் பேசினாலும் உடனே ஆம்புலன்ஸை அழைத்து, பல துறைகளும் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயங்கினார் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீக்கம் இருப்பது முன்பே தெரியும் என்றால் பழைய ஸ்கேன் அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள். எந்த மருந்துகள் சாப்பிடுகிறார் என்ற சீட்டையும் சேர்த்து. ‘பெருந்தமனியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

வெடிக்கும் முன்பே கண்டுபிடிப்பதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்கள் அனைவரையும் ஒரு முறை அல்ட்ராசவுண்டுக்கு அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 65 முதல் 75 வயதுக்குள், வாழ்நாளில் எப்போதாவது புகைத்திருந்த ஆண்களுக்கு ஒரு முறை பரிந்துரைக்கிறார்கள். வலியில்லாத, சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை. ஒருவருக்கு வீக்கம் என்று தெரியவந்தால் அவருடைய உடன்பிறந்தவர்களும், வயது வந்த பிள்ளைகளும் எந்த வயதில் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.